கட்டிப்போட்ட ஹேண்டில்

அந்தச் சைக்கிள் நான்காவது முறையாகக் கடை வாசலில் வந்து நின்றபோது, அதைத் தள்ளிக்கொண்டு வந்தவரையே ஸ்டாண்டில் மாட்டிக் கழற்றிப் பார்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

வந்தவர் பல் டாக்டர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். சண்டைக்கு வருகிற ஆளாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவரோ ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தப்பெல்லாம் தன்மேல்தான் என்பது போன்ற முகத்தோடு, கவுண்டர் கண்ணாடியில் நகத்தால் தட்டிக் காட்டினார். டிக். சற்று இடைவெளி விட்டு, டிக் டிக்.

"பல்லைத் தட்டிப் பார்ப்போம்ல, அதே மாதிரி," என்றார். "ரோடு கொஞ்சம் சொரசொரப்பா இருந்தாப் போதும், ஆரம்பிச்சுடுது."

கவுண்டருக்குப் பின்னால் மாமா தலை நிமிர்ந்தார். கடை அவருடையது, அவள் அம்மாவின் தம்பி. டாக்டர் முன்னாலேயே, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நாளைக்குக் காலையில டாக்டர் இருநூறு கிலோமீட்டர் போறாராம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சத்தம் நிக்கணும். நிக்கலைன்னா ஜன்னல் பெஞ்ச் சர்ட்டிபிகேட்டுக்கு. நீ உள் பெஞ்சுக்குப் போயிடு, பட்டதாரி."

ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் மாமாவுக்கு இல்லை. பட்டதாரி என்பது அவள். சர்ட்டிபிகேட் என்பது எட்டு மாதத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த இருபத்து நாலு வயது மெக்கானிக். இரண்டு வாரப் பயிற்சி முடித்து, அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, எங்கே மாட்டட்டும் என்று முதல் நாளே ஆணி கேட்டவன்.

கடை என்பது ஒரு நீளமான அறை. தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே ஆறடி பெஞ்ச். ரோடு பைக்குகள் அங்கேதான் வரும். மெல்லிய டயர், ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில், ஒரு கையால் தூக்கிவிடலாம் போன்ற எடை. அறையின் மறுகோடியில் டியூப்லைட்டுக்கு அடியில் உள் பெஞ்ச். பஞ்சர், துருப்பிடித்த செயின், குழந்தைகள் சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம். ஜன்னல் பெஞ்சுக்கு வர அவளுக்கு ஏழு வருஷம் ஆனது. திரும்பிப் போக அஞ்சு மணி வரை.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சைக்கிளை வாங்கி, சீட்டுக்குக் கீழே உள்ள குழாயைப் பிடித்து, வண்டியை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கும் ரிப்பேர் ஸ்டாண்டில் மாட்டினாள். ஆணியில் தொங்கிய பழைய டியூப் துண்டு ஒன்றை உருவி, ஹேண்டில் ஆடாதபடி பிரேமோடு சேர்த்து ஒரு இறுக்கு இறுக்கிக் கட்டினாள். அது அவள் கை தானாகச் செய்யும் வேலை.

அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் அவள்தான். அப்பா கிடங்கில் மூட்டை இறக்கியவர். அம்மா அலுவலகங்களைப் பெருக்கித் துடைப்பவள். இயற்பியல் பட்டம் வாங்கிய அன்று கறுப்பு அங்கியோடு எடுத்த படம் வீட்டுக் கூடத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எது புரியாவிட்டாலும் அவளிடம்தான் வரும். மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, மின்சார மீட்டர் ஏன் வேகமாக ஓடுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் போடலாமா. "படிச்சவளுக்குத் தெரியாதா?" என்பார்கள். பாதி நேரம் அவளுக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொன்னால் அம்மாவின் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல், ஏதாவது ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுவாள். பிறகு ராத்திரி உட்கார்ந்து சரிதானா என்று தேடிப் பார்ப்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் வினையாகப் போனது.

மூன்று வருஷம் விண்ணப்பம் போட்டாள். ஒன்றும் வாய்க்கவில்லை. நல்லது ஏதாவது அமையும்வரை கவுண்டரில் உட்காரட்டும் என்று மாமா கூட்டிவந்தார். ஒரு நாள் மெக்கானிக் வராதபோது, கியர் மாறாமல் அடம்பிடித்த ஒரு சைக்கிளின் திருகை வாடிக்கையாளர் கண்முன்னே கால் சுற்றுத் திருகினாள். செயின் டக்கென்று ஏறி உட்கார்ந்தது. மூன்று வருஷத்தில் அவள் சொன்ன பேச்சைக் கேட்ட முதல் பொருள் அது. அதற்குப் பிறகு கவுண்டர் பக்கம் போகவில்லை. அம்மா மட்டும் இன்றைக்கும் அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையோடவா கல்யாண வீட்டுக்கு வரப்போற?" என்று கேட்பாள்.

இந்தச் சைக்கிளுக்கு அவள் செய்யாதது ஒன்றும் இல்லை. இதில் கேபிள்கள் வெளியே தெரியாது. கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை வழியாகப் பிரேமின் சாய்வுக் குழாய்க்குள் நுழைந்து, உள்ளேயே ஓடி, பின்சக்கரத்தருகே எட்டிப் பார்க்கும். பார்க்க அழகு. பழுது பார்ப்பவனுக்குத் தலைவலி. முதல் முறை வந்தபோது, கேபிள் உறை கழுத்தில் உரசும் இடத்தில் மெத்துப் பட்டை ஒட்டி அனுப்பினாள். இரண்டாம் முறை, தண்ணீர் பாட்டில் வைக்கும் கூண்டின் திருகிலிருந்து சீட் வரை எல்லாவற்றையும் கழற்றி க்ரீஸ் தடவி முடுக்கினாள். மூன்றாம் முறை பின் பிரேக் கேபிளின் உறையை முழுசாக வெளியே உருவி, நீளமான நுரைக் குழாயை அதன்மேல் மாட்டி, குளிருக்குச் சட்டை போட்டாற்போல உள்ளே அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டில் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினாள், உலுக்கினாள், பெடலைச் சுற்றிவிட்டுப் பிரேமில் காதை ஒட்டிக் கேட்டாள். சத்தமே இல்லை. ஒவ்வொரு முறையும் நாலாம் நாள் டாக்டர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

தெருவில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் வாடிக்கையாளர் வண்டியில் யாரும் ஏறக் கூடாது என்பது மாமாவின் கட்டளை. முன்னொரு காலத்தில் ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்க்கிறேன் என்று போய், ஒரு காரின் கதவில் வண்டியை மடித்துக்கொண்டு வந்தான்.

இரண்டு மணியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. மூன்றும் ஆனது. சர்ட்டிபிகேட் உள் பெஞ்சில் ஒரு குழந்தை சைக்கிளுக்கு மணி மாட்டிக்கொண்டிருந்தான். அவன் அந்த மணியை அடித்துப் பார்த்த ஒவ்வொரு முறையும், தன்னைக் கேலி செய்கிறான் என்றே அவள் நினைத்தாள்.

"ஒரு மணி மாட்ட எத்தனை தடவை அடிப்பே?"

"ரெண்டு தடவைதான் அக்கா அடிச்சேன்."

"அது ரெண்டாவது. மூணாவது அடிச்சா மணி உன் வாயில இருக்கும்."

அவன் மணியைத் துணியால் மூடிக்கொண்டான். மாமா கவுண்டரிலிருந்து, இரண்டு சான்றிதழ்கள் ஒரு கடைக்குள் இருந்தால் இப்படித்தான் என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார்.

டாக்டர் போகும்போது சொன்ன ஒன்று வேறு காதுக்குள் குடைந்துகொண்டிருந்தது. வீட்டில் விடிய விடிய வலித்த பல், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்ததும் வலிக்காதாம். எந்தப் பல் என்று கேட்டால் நோயாளி விழிப்பானாம். அப்போதெல்லாம் அவர் பல்லைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு நாற்காலியைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பார்ப்பாராம். தன்னைக் குத்திக்காட்டத்தான் அதைச் சொன்னார் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

மூன்றே முக்காலுக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. டாக்டர்மேல் கோபம், மாமாமேல் கோபம், கேபிளைக் குழாய்க்குள் ஒளித்துவைத்தவன் எந்த ஊர்க்காரனோ அவன்மேலும் கோபம். ஹேண்டிலின் இரு கொம்புகளையும் பிடித்து, திருடனின் சட்டையைப் பிடித்து உலுக்குவது போல உலுக்கினாள். கட்டியிருந்த டியூப் துண்டு நைந்துபோன ஒன்று. பட்டென்று அறுந்து அவள் மணிக்கட்டில் சுளீரென அடித்தது. ஹேண்டில் விடுபட்டு ஆடியது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்து நேராக நிறுத்தினாள். இன்னும் ஆத்திரம் அடங்காமல் முன்சக்கரத்தில் கைவிளிம்பால் ஒரு வெட்டு வெட்டினாள்.

டிக்.

மறுபடி வெட்டினாள். டிக் டிக். டாக்டரின் நகம் கண்ணாடியில் போட்ட அதே சத்தம்.

ஹேண்டிலை இரண்டு விரல் அகலம் இடப்பக்கம் திருப்பினாள், அவள் எப்போதும் கட்டிப்போடும் அளவுக்கு. தட்டினாள். சத்தமில்லை. நேராக்கினாள். டிக்.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தது சந்தோஷமாக இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே கடையில், ஸ்டாண்டில் கட்டாமல் விட்ட ஒரு ஹேண்டில் திரும்பி விழுந்து, புதுச் சைக்கிளின் பெயின்ட் ஒரு நகம் அளவு பெயர்ந்துபோனது. வாடிக்கையாளர்கள் ஐந்து பேருக்கு முன்னால் மாமா அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். மறுநாளே அவள் பழைய டியூப்களைப் பட்டையாக வெட்டி ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஒரு ஆணியில் தொங்கவிட்டாள். ஓர் அட்டையில் தடித்த எழுத்தில் "ஹேண்டிலைக் கட்டாமல் வண்டியில் கை வைக்காதே" என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். அந்தக் கடையில் அவள் போட்ட ஒரே சட்டம். மாமாவே அதற்குக் கட்டுப்பட்டார்.

கட்டும்போது ஹேண்டில் கொஞ்சம் இடப்பக்கம் சாயும். சாய்ந்தால், வலப்பக்கத்திலிருந்து நுழையும் கேபிள் உறை வெளியே இழுபட்டு, குழாய்க்குள் விறைப்பாக நிற்கும். விறைத்து நிற்பது எதிலும் மோதாது. டாக்டர் ரோட்டில் ஏறி ஹேண்டிலை நேராகப் பிடித்தவுடன் உறை ஒரு விரல் அகலம் உள்ளே போகும், தொய்யும், ஆடும். அவள் மாட்டிய நுரையும் கட்டிப்போட்ட நிலையில் அளந்து மாட்டியதுதான். உறை உள்ளே போகும்போது நுரையும் சேர்ந்து கீழே இறங்கிவிட, ஓட்டை வாசலருகே ஒரு விரல் அகலத்துக்கு உறை சட்டையில்லாமல் நின்று குழாய்ச் சுவரைத் தட்டியது. சத்தத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, சத்தம் எங்கே என்று இரண்டு வாரமாகத் தேடியிருக்கிறாள். இழுத்துக் கட்டிய கம்பி ஒரு விதம், தொய்ந்த கம்பி வேறு விதம் என்று இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் பக்கம் பக்கமாக எழுதி, எண்பத்தேழு மதிப்பெண் வாங்கியவள்.

இதையாவது விழுங்கிவிடலாம். விழுங்க முடியாதது இன்னொன்று இருந்தது. சேர்ந்த முதல் வாரத்தில் சர்ட்டிபிகேட் கட்டாமல் ஒரு வண்டியை மாட்டினான். அவள் பாய்ந்தாள். அவன் மெதுவாக, கட்டினால் ஹேண்டில் ஒரு பக்கம் சாய்கிறதே அக்கா, கேபிள் இழுபடாதா என்று கேட்டான். கேள்வி காதில் விழுந்தது, புரியவும் செய்தது. ஆனால் இரண்டு வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதைத்தான் அந்த ரெண்டு வாரத்துல சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அவன் டியூப் துண்டை எடுத்துக் கட்டினான். அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்டதில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். அவன் மணியை மூடிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அந்த டிக் அவனுக்கும் கேட்டிருக்கிறது. அறுந்து கிடந்த டியூப் துண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், உடனே ரொம்ப வேலை இருப்பவன் போலக் குனிந்துகொண்டான். சிரித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

நாலு மணி. பின் பிரேக்கைக் கழற்றினாள். உள்கம்பியை உருவினாள். குழாய்க்குள் வழி தவறாமலிருக்க ஒரு மெல்லிய நைலான் குழலைத் துணைக்கு விட்டுவிட்டு, உறையை முன்பக்கமாக வெளியே இழுத்தாள். இந்த முறை ஹேண்டிலைக் கட்டவில்லை. உறை நுழையும் இடத்தில் வெள்ளை டேப் ஒட்டி, ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று குறித்தாள். ஹேண்டில் நேராக நிற்கும்போது நுரை ஓட்டை வாசலிலேயே தொடங்கும்படி இன்னொரு துண்டு சேர்த்தாள். அதற்குக் கீழே உறையைச் சுற்றி மூன்று நைலான் ஜிப் டைகளை இறுக்கி, அவற்றின் வால்களை நறுக்காமல் மூன்று திசைக்கு ஒன்றாக விரித்துவிட்டாள். உள்ளே போனதும் அவை பூனை மீசை போலச் சுவரில் முட்டிக்கொண்டு உறையை நடுவில் நிறுத்தும். ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"வா இங்க," என்றாள்.

வந்தான். "நேராப் பிடி. ஆட்டாத." பிடித்தான். நீங்கள் அன்றைக்குத் திட்டினீர்களே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவளும் ஒன்று சொல்லிக் கணக்கைத் தீர்த்திருப்பாள். அவனுடைய மரியாதை அவளைச் சுட்டது.

நாலு ஐம்பதுக்கு டாக்டர் வந்தார். வண்டியை வாங்கிக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் கல் பாவிய சந்து வழியாக ஒரு சுற்றுப் போய்வந்தார். இறங்கும்போது முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது.

"சத்தம் போயிடுச்சு. இப்ப என் மூச்சுதான் கேக்குது. இவ்வளவு சத்தமா மூச்சு விடுவேன்னு எனக்கே தெரியாது."

"அதுக்கு வேற டாக்டரைப் பாருங்க," என்றாள்.

மாமாவுக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா, பட்டதாரின்னா சும்மாவா? என்னம்மா கோளாறு அதுல?"

கேபிள் தொய்ந்திருந்தது என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. பெஞ்ச் அவளுடையதாகவே இருக்கும். சர்ட்டிபிகேட் வாயைத் திறக்க மாட்டான்; திறக்காதபடி எட்டு மாதத்துக்கு முன்னால் அவளே தைத்துவிட்டிருக்கிறாள். அதை நினைத்ததும் வழக்கமான கோபம் வெளியே வந்தது.

"கோளாறு வண்டியில இல்ல மாமா. அந்த அட்டையில இருக்கு," என்று சுவரைக் காட்டினாள். "கட்டிப்போட்டா சத்தம் வராது. கட்டிப்போட்டுட்டுத்தான் நாலு தடவையும் தேடினேன். இவன் வந்த முதல் வாரமே கேட்டான், கேபிள் இழுபடாதான்னு. நான்தான் நாலு பேர் முன்னாடி இவன் வாய அடைச்சேன்." அவன் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, சரியாத்தான் கேட்டே. அப்புறம் ஏன் விட்டே? இன்னொரு தடவை கேட்டா என்ன, நாக்கு தேஞ்சுடுமா?"

மன்னிப்பு என்று அதை யாரும் எடுத்துக்கொள்ள வழியில்லை. அவன் பயந்துபோய், "சாரி அக்கா," என்றான்.

டாக்டர் ஹெல்மெட் வாரைப் போட்டார், கழற்றினார், போட்டார். மாமா மூக்கைத் தடவிக்கொண்டு, அப்படியென்றால் நியாயமாகப் பார்த்தால் பெஞ்ச் யாருக்கு என்று இழுத்தார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். அவளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. தன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டாள். ஒவ்வொன்றும் சத்தத்தோடு விழுந்தது. அக்கா, எனக்கு ஜன்னல் வெயில் ஒத்துக்காது, நீங்களே இருங்க என்று அவன் முணுமுணுத்தான்.

"விட்டுக் குடுக்கிற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம். ஒரு மாசம் நீ நில்லு. தப்புப் பண்ணு. அப்புறம் பேசலாம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள் பெஞ்சுக்குப் போனாள். டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. அவன் பாதியில் விட்ட குழந்தை சைக்கிள் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. துணியை எடுத்து, மணியை ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்தாள்.

அன்று வீட்டில் அம்மா, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். கடையில் ஒரு விஷயம் தனக்குத் தெரியாமல் போய்விட்டது, தெரிந்த ஒருவனையும் பேசவிடவில்லை என்றாள் அவள். அம்மா வாடவில்லை. உனக்குத் தெரியாததுகூட இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டு, சரி, சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு என்று தட்டை வைத்தாள். இத்தனை வருஷமாக ராத்திரியில் உட்கார்ந்து தேடியதெல்லாம் யாருக்காக என்று நினைத்தபோது, அதற்கும் ஒரு கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஜன்னல் பக்கமிருந்து சர்ட்டிபிகேட் கூப்பிட்டான். "அக்கா, ஒரு நிமிஷம் வாங்களேன். இந்த வண்டியில ஒரு சத்தம். அவங்க வருதுங்கறாங்க, எனக்கு வர மாட்டேங்குது."

அவள் கையிலிருந்த பஞ்சரை நிதானமாக ஒட்டி முடித்தாள். தேவைக்கு அதிகமாகவே தேய்த்தாள். பிறகு போனாள். சிவப்பு நிற ரோடு பைக் ஸ்டாண்டில் தொங்கியது. அதன் ஹேண்டில் பிரேமோடு சேர்த்து, இரண்டு விரல் இடப்பக்கம் சாய, இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது.

"யாரு கட்டச் சொன்னா?"

அவன் சுவரைப் பார்த்தான். அட்டை அங்கேயே இருந்தது, தடித்த எழுத்தில், அவள் கையெழுத்தில். மூன்று நாளாக அதற்கு அடியில்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் அதை முறைத்துக்கொண்டு நின்றாள். தன் எழுத்தே தன்னைத் திருப்பி முறைப்பது போலிருந்தது. பிறகு டியூப் துண்டை ஒரே இழுப்பில் அவிழ்த்து அவன் தோளில் போட்டாள்.

"அந்த அட்டையைக் கழற்றித் திருப்பு, மார்க்கரை எடு. நான் சொல்றேன், நீ எழுது. தப்பா இருந்தா அங்கேயே நிறுத்தி என்னைக் கேளு."